தேயாத பிரேக்

கோத்தகிரியில் மின்சாரக் கார்களைப் பழுது பார்க்கும் கோகிலவாணிக்கு ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

சீடரின் பெயர் பொங்கியண்ணன். மேட்டுப்பாளையத்தில் முப்பது வருஷம் பெட்ரோல், டீசல் வண்டிகளைக் கட்டி மேய்த்தவர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் மூன்று மாதம் முன்பு தானாகவே மலையேறி வந்து, "இந்தக் கரண்டு வண்டியை எனக்குக் கத்துக் குடுங் அம்மணி" என்று கேட்டார். அதற்குப் பெரிய மனசு வேண்டும். அவருக்கு இருந்தது.

ஆனால் இந்த மூன்று மாதத்தில் அவர் செய்த வேலையை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். கண்ணாடி துடைத்தார். டயருக்குக் காற்றுப் பிடித்தார். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றினார். மீதியை எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. கோகிலவாணி ஒயரைச் செருகுவார், திரையில் பச்சை வரும், வண்டி கிளம்பிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பொங்கியண்ணன் கேட்டே விட்டார்.

"ஏனுங் அம்மணி, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லோணும்."

"கேளுங்கண்ணா."

"இந்த வண்டியில எஞ்சின் ஆயில் இல்ல. பிளக் இல்ல. கிளட்ச் இல்ல. தேயறதுக்கே ஒண்ணையும் காணோம். அப்புறம் எதுக்கு சர்வீசு? எதுக்கு நானு?"

கோகிலவாணி டீயை உறிஞ்சினார்.

"கோவத்துல கேக்கலீங். வேல இல்லாத எடத்துல உக்காந்து டீ குடிக்கறதுக்கு என்ற ஊட்லயே குடிப்பனே. அஞ்சு மணி பஸ்ல போயிரலாம்னு இருக்கறேன்."

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பீங்கல்ல?"

"அது இருப்பனுங்."

"இருங்க."

சற்று நேரத்தில் நர்ஸ் பிலோமினா தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீடு கோத்தகிரி, வேலை கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரி. தினமும் மலை இறங்கி ஏறுகிற வண்டி.

"வாங்கி ரெண்டு வருஷமாச்சு. இதுக்கு சர்வீசே வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றார் பிலோமினா.

கோகிலவாணி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார்ஜ் எங்க போடுறீங்க சிஸ்டர்?"

"இத்தனை நாளும் கீழ ஆஸ்பத்திரியிலதான். நேத்துத்தான் வீட்டுல சார்ஜர் மாட்டினோம். திங்கட்கிழமையிலருந்து காலையில ஃபுல் சார்ஜோட ஜம்முனு இறங்கிடலாம்."

"நாலரை மணிக்கு வந்து எடுத்துக்குங்க."

நர்ஸ் போனதும் கோகிலவாணி வண்டியைச் சார்ஜில் போட்டார். கம்ப்யூட்டர் ஒயரைச் செருகினார். திரை முழுக்கப் பச்சை. பிறகு சர்வீஸ் அட்டையைப் பொங்கியண்ணனிடம் நீட்டினார்.

"பிரேக்கை நீங்க பாருங்கண்ணா. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்த்த பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக் பேடுகள் கடையிலிருந்து நேற்று வாங்கி மாட்டியதுபோல் தடிமனாக இருந்தன. மலையில் ரெண்டு வருஷம் ஓடிய பெட்ரோல் வண்டியில் பேடு என்பது பெயருக்குத்தான் இருக்கும். இங்கே நகக்கண் அளவுகூடத் தேயவில்லை. புகார் இல்லாததைப் பிரிக்கக்கூடாது என்பது மேட்டுப்பாளையத்தில் அவருடைய பழைய பட்டறையின் சட்டம். பிரிக்கவில்லை. சக்கரங்களைத் திரும்ப மாட்டி, அட்டையில் 'புதுசு மாதிரி இருக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களா, நான் சொன்னனே. தேயவே இல்ல."

கோகிலவாணி அட்டையைப் படித்தார். "கையெழுத்துப் போட்டுட்டீங்க. அப்ப நீங்களே ஓட்டுங்க."

பட்டறைக்குப் பின்னால், தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பாதை சரிவாக இறங்கும். எதிரே வண்டி வராது. சார்ஜ் நூறைத் தொட்டதும் பொங்கியண்ணன் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். பக்கத்தில் கோகிலவாணி, பார்க்கிங் பிரேக் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு.

"மெதுவாப் போங்க. நடு வழியில காலை எடுங்க."

மின்சார வண்டியில் காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். உருளுகிற வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பிரேக்கை மிதிக்க வேண்டிய தேவையே பாதி நேரம் வராது. இந்தச் சொகுசு பொங்கியண்ணனுக்கும் பழகிப்போயிருந்தது. காலை எடுத்தார்.

வண்டி பிடிக்கவில்லை. உருண்டுகொண்டே போனது.

"என்னங் அம்மணி, புடிக்க மாட்டீங்குது!"

"பேட்டரி ரொம்பியிருக்குதுங்கண்ணா. திருப்பி அனுப்பினா வெக்கறதுக்கு உள்ள எடமில்ல."

பொங்கியண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி வெடுக்கென்று இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை ஒடித்தும் கேட்கவில்லை. கோகிலவாணி பட்டனை அழுத்த, பின்சக்கரம் பிடித்து, வண்டி தேயிலைச் செடிகளுக்குள் பாதி புகுந்து நின்றது.

பொங்கியண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தனக்காக அவர் பயப்படவில்லை. திங்கட்கிழமை காலை, அத்தனை கொண்டை ஊசி வளைவுகள், முழு சார்ஜ், அவர் கையெழுத்தை நம்பி அந்த நர்ஸ்.

பட்டறைக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே ஜாக்கியை வைத்தார். வண்டி இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இந்த முறை வலது முன்சக்கரத்தின் பிரேக்கை முழுசாகப் பிரித்தார். பேடு நகர்ந்து சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்வ வேண்டுமானால் இரண்டு இரும்புப் பின்கள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் துருவேறி இறுகியிருந்தன. ரெண்டு வருஷ மழையும் மூடுபனியும் உள்ளே இறங்கியிருந்தன. மிதிக்கிற வேலை வந்திருந்தால் அசைந்து அசைந்து அதுவே சுத்தமாக இருந்திருக்கும். சுத்தியலால் தட்டித்தான் உருவ வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் திரை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

"பேடு புதுசு அம்மணி" என்றார் பொங்கியண்ணன். "முப்பது வருசத்துல பேடைப் பாத்து நான் ஏமாந்ததில்ல."

"பெட்ரோல் வண்டியில ஏமாந்திருக்க மாட்டீங்க."

"இந்தக் கையெழுத்தைக் கிழிச்சுப் போடுங்."

"எதுக்குக் கிழிக்கோணும்? வேலையை முடிச்சுட்டு அதுக்குக் கீழயே இன்னொரு தடவை போடுங்க."

அதன்பிறகு பொங்கியண்ணனை யாரும் தடுக்க முடியவில்லை. நாலு சக்கரத்தையும் பிரித்தார். துருவைத் தேய்த்து எடுத்தார், இரண்டு பின்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார், கிரீஸ் வைத்தார். பின்கள் வழுக்கும்போது வருகிற சன்னமான சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டார். அதே சரிவில், அதே நூறு சார்ஜில் நாலு தடவை இறங்கிக் காட்டினார். நாலு தடவையும் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. பிறகுதான் அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

நாலரை மணிக்கு வந்த பிலோமினா கறுத்துப்போன அவர் கைகளைப் பார்த்தார்.

"அப்படி என்னண்ணா வேலை இருந்துச்சு? பிரேக் தேஞ்சிருச்சா?"

"இல்லீங் சிஸ்டர். பேடு புதுசாட்ட இருக்குதுங்."

"அப்புறம் என்ன?"

"அதுக்கு வேலையே குடுக்காம உட்டுட்டோமுங். பூட்டிக்கிச்சு. இனிமே ஊட்ல ஃபுல்லா ஏத்தாதீங். எண்பதோட நிறுத்திக்குங், எறங்கறப்ப மோட்டாரும் புடிக்கும். தெனமும் ஆளில்லாத ரோட்டுல நாலு வாட்டி நல்லா அமுத்தி மிதிங். வருசத்துக்கு ரெண்டு தடவை என்றகிட்ட கொண்டாங்."

பிலோமினா தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். 'என்றகிட்ட' என்று தன்னிடமே வரச் சொல்லிவிட்டது பொங்கியண்ணனுக்கே பிறகுதான் உறைத்தது. சங்கடத்தோடு கோகிலவாணியைப் பார்த்தார். அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மணி நாலே முக்கால். கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாரன் கேட்டது.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே அம்மணி. நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

கோகிலவாணி கையை உதறினார்.

"இந்த மலையில கரண்டு வண்டி நாப்பத்தொண்ணு ஓடுதுங்கண்ணா. ஒண்ணுலகூட பிரேக் தேயல."