அலமாரியில் நின்ற ஒயின்

புதுச்சேரியில் தனிஸ்லாஸ் குடும்பம் பிரான்சிலிருந்து ஒயின் வரவழைத்து விற்றது. பெரிய கம்பெனிச் சரக்கைத் தொடமாட்டார்கள். சொந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தாங்களே பிழியும் சின்ன ஆட்களிடம்தான் வாங்குவார்கள்.

ஒருநாள் ஓட்டல் அதிபர் வைத்தியலிங்கம் திறந்த பாட்டிலையும் அதன் கார்க்கையும் தனிஸ்லாஸின் மேசைமேல் வைத்தார்.

"வினிகர் மாதிரி புளிக்குது. இதைச் செஞ்ச பொம்பளைகிட்ட இனிமே நீங்க வாங்கக் கூடாது. வாங்கினா என் ஆறு ஓட்டலையும் மறந்துடுங்க."

தனிஸ்லாஸ் தலைகுனிந்தார். அதைச் செய்த மதலேன் அம்மாளின் மொத்த விளைச்சலும் தனிஸ்லாஸ் குடும்பம் ஒன்றை நம்பித்தான் இருந்தது.

கிடங்கில் பெட்டி அடுக்கும் அஞ்சலை கார்க்கை எடுத்து அழுத்தினாள். காய்ந்து உதிர்ந்தது. வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இவ்வளவு ஒசந்த சரக்கை இருட்டு ரூம்ல போட்டுவெப்பீங்களா? எல்லாரும் பாக்குற மாதிரிதானே வெச்சிருப்பீங்க?"

"பின்னே? ஒரு வருஷமா வரவேற்பு ஹால் அலமாரியில, லைட்டுக்குக் கீழே, சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிக்குது!"

அஞ்சலை கிடங்கில் படுத்துக் கிடந்த அதே சரக்கில் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். ஒரு வாய் குடித்த வைத்தியலிங்கம் கிளாஸை மறுபடி நீட்டினார்.

"படுக்கவெச்சா கார்க் ஈரமா இருக்கும், காத்து உள்ளே போகாது. நிக்கவெச்சா காய்ஞ்சிடும். அந்தம்மா செஞ்சது ஒயின்தான் ஐயா. வினிகர் செஞ்சது நீங்க."