காக்கை கொண்டுவந்த சோப்புத் துண்டு

இந்தக் கதையை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கதையிலோ தண்ணீரின் குணம் ஒன்று வருகிறது. தெரிந்தவரை சொல்கிறேன்.

காட்டோரத்தில் ஒரு குட்டை இருந்தது. அது எவ்வளவு நல்ல காலம்! விடிந்தால் நூறு நீர்ப்பூச்சிகள் நெட்டைக் கால்களால் தண்ணீர்மேல் ஓடும். ஒரு காலும் நனையாது. தண்ணீர் தெளிவு. அவற்றின் நிழல் அடித்தரையில் வட்டம் வட்டமாக நகரும்.

குட்டையின் நடுவே கோரைத் திட்டு. அதில் செம்பி என்ற வாத்து ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. பூச்சிகளில் குச்சியன் என்பவன்தான் அதற்குப் பேச்சுத்துணை.

"அக்கா, நீ தண்ணீரில் மிதக்கிறாய், நான் தண்ணீர்மேல் நடக்கிறேன். நாம் சொந்தக்காரர்கள்!"

"போடா, குச்சிக்காலா! என் ஒரு இறகின் எடை இருப்பாயா நீ?"

இப்படி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதிலேயே அவர்களுக்குப் பொழுது போகும்.

கரையில் ஒரு காக்கை இருந்தது. முட்டைகள்மேல் அதற்கு ஆசை. ஆனால் செம்பியிடம் ஒருமுறை வாங்கிய கொத்து தலையில் இன்னும் வலித்தது. ஆகவே யோசித்தது. வனக்காவலர் வீட்டுக் கிணற்றடியிலிருந்து ஒரு சோப்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"செம்பி, அந்தக் கொக்கைப் பார்! என்ன வெள்ளை! நீயோ சேற்றில் விழுந்த பழந்துணி மாதிரி இருக்கிறாய்!"

"பிறந்த நிறம். என்ன செய்வது?"

"இதைத் தேய்த்துக் குளி! அழுக்குச் சட்டையெல்லாம் இதால்தான் தும்பைப்பூ ஆகிறது. என் கண்ணால் பார்த்தேன்!"

"அப்படியானால் நீ ஏன் இன்னும் கறுப்பு?"

காக்கை இறக்கையை நீவிக்கொண்டது. "கறுப்புதான் எனக்கு எடுப்பு என்று என் அம்மா சொல்வாள்!"

உண்மை வேறு. அது ஒருநாள் சோப்பு நுரையில் புரண்டு பார்த்திருந்தது. இறகெல்லாம் தண்ணீர் ஏறி, பகல் முழுவதும் பறக்க முடியாமல் கிடந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

குச்சியன் ஓடிவந்தான். "அக்கா, வேண்டாம்! தண்ணீருக்கு மேலே ஒரு தோல் இருக்கிறது. துளியும் துளியும் கைகோத்து நிற்கிற தோல். அதன்மேல்தான் நாங்கள் நடக்கிறோம். போன மழையில் கிணற்றடி நுரை வாய்க்காலில் வந்தது. அதில் கால் வைத்த என் சித்தப்பா எழவேயில்லை!"

"உன் சித்தப்பாவுக்கு நடக்கத் தெரிந்திருக்காது!" என்றது செம்பி.

முட்டைகளைக் கோரையால் மூடிவிட்டுக் கரையோரம் போனது. கழுத்தில் தேய்த்தது, இறக்கையில் தேய்த்தது. நுரை பொங்கியது. வெள்ளை மட்டும் வரவில்லை.

'முட்டை குளிர்ந்துவிடுமே' என்று திரும்பி நீந்தியது. பத்தடிகூடப் போகவில்லை. எப்போதும் முத்து முத்தாக உருண்டு ஓடும் தண்ணீர், அன்று இறகுக்குள் புகுந்தது. வாலடியிலிருந்து அலகால் தொட்டுத் தொட்டு இறகில் பூசிய எண்ணெயெல்லாம் நுரையோடு போயிருந்தது. உடம்பு கனத்தது. கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

காக்கை நேரே கோரைத் திட்டில் போய் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, என் முட்டை!"

நுரை பட்ட இடத்தில் நீர்ப்பூச்சிகளின் கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. குச்சியன் நுரைக்கு முன்னால் ஓடினான். வாய்க்கால் பக்கம் போயிருந்தால் அவனுக்கு ஆபத்தில்லை. அவன் ஆமை படுத்திருந்த பாறைக்கு ஓடினான்.

"ஆமை மாமா! செம்பியக்கா மூழ்குகிறாள்!"

"வாத்து மூழ்குமா? விளையாடாதே!" என்ற ஆமை, தலையைத் தூக்கிப் பார்த்ததும் தொப்பென்று குதித்தது. செம்பிக்கு அடியில் போய் முதுகைக் கொடுத்தது.

"ஏறிக்கொள். என்ன செய்தாய் என்று பிறகு கேட்கிறேன்!"

திட்டில் ஒரு முட்டை ஓடாகக் கிடந்தது. செம்பி ஈர இறக்கையால் அடித்த அடியில் காக்கை அலறிக்கொண்டு பறந்தது. ஆமை காய்ந்த கோரையைக் கொண்டுவந்து போட்டது. செம்பி நடுங்கிக்கொண்டே உடம்பைக் காயவைத்து, மிச்சம் நான்கின்மேல் உட்கார்ந்தது.

நான்கும் பொரிந்தன. பிறகு பெருமழை வந்தது. குட்டை வழிந்து நுரையெல்லாம் போனது. தண்ணீருக்குத் தோல் திரும்பியது. செம்பியின் இறகில் எண்ணெயும் திரும்பியது. பாறையில் ஒதுங்கிப் பிழைத்த குச்சியனோடு பத்துப் பூச்சிகள்தான் திரும்பின.

விடிந்ததும் செம்பி அடித்தரையைப் பார்க்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிழல் வட்டம் நகரும்.

"முன்னே எத்தனை இருந்தன, இல்லையா?"

"ஆமாம் அக்கா. என் தங்கைகள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பந்தயம் ஓடுவார்கள். தோற்றவள் அழுவாள்."

"என்மேல் உனக்குக் கோபமில்லையா?"

"இருக்கிறது," என்றான் குச்சியன். "ஆனால் அவர்கள் ஓடியதைத் தினமும் உட்கார்ந்து பார்த்தவள் நீதானே? வேறு யாரிடம் போய்ப் பேசுவேன்?"

செம்பி அவன் பக்கம் அலை போகாதபடி மெல்லக் காலை அசைத்து நகர்ந்தது.

எழுதி முடித்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தேன். தையல் ஊசியைப் படுக்கவைத்து விட்டேன். மூன்று முறை மூழ்கியது. நான்காம் முறை மிதந்தது. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். ஊசி அடியில் கிடந்தது. இனி பயமில்லாமல் சொல்லலாம்: நம்மைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கும், பகட்டுக்கு ஆசைப்பட்டு அதைக் கழுவிவிடக் கூடாது.