விமானத்தை உரித்தவரின் நெற்றி

மகளைப் பெண் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்கள். தணிகாசலமோ மூன்று மணிக்கு மாசிலாமணியின் சலூனில் உட்கார்ந்திருந்தார். தலைச்சாயம் நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்கு வழிந்து காய்ந்திருந்தது. பூசிக்கொண்டு அப்படியே அசந்து தூங்கிவிட்டாராம்.

மாசிலாமணி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழம். சாயம் அசையவில்லை. பெயிண்ட் கடையில் கொஞ்சம் தின்னர் வாங்கி வரட்டுமா என்று கேட்டதுதான் தாமதம், தணிகாசலம் நிமிர்ந்துவிட்டார்.

"யாருகிட்டப்பா தின்னர்? முப்பது வருஷம் விமானத்துக்குப் பெயிண்ட் உரிச்சவன் நான்."

முன்பெல்லாம் விமானப் பட்டறையில் பழைய பெயிண்டை உரிக்க ஏதோ திராவகத்தை ஊற்றுவார்களாம். கண் எரியும், கழுவிய தண்ணீர் போகும் கால்வாயில் தவளை செத்து மிதக்கும். இவர்தான் கோதுமை மாவைக் குருணையாக்கி, குழாயில் வைத்து வேகமாக ஊதச் சொன்னாராம். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததாம்.

அதுவரைக்கும் மாசிலாமணி நம்பினார்.

குருணை தின்ன ஊர்ப் புறாவெல்லாம் இறக்கை மேல் வந்து உட்கார்ந்ததாம். இவர் கை தட்டியதும் அத்தனையும் எழும்ப, விமானமும் கூடவே மூன்றடி எழும்பியதாம்.

பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாதுரை தலை நிமிராமல் கேட்டார். "புறா காலுல பசை தடவியிருந்தீங்களோ?"

"கோதுமை மாவு இருக்கிற இடத்துல பசைக்கு என்னங்க பஞ்சம்?"

மறுவருஷம் பனிக்கட்டித் தூளால் அடித்தாராம். குளிர் தாங்காமல் விமானம் ஒரு உதறு உதறியதாம். பெயிண்ட் மொத்தமும் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று, தானே மேலே கிளம்பி, மதுரையில் போய் இறங்கியதாம். அதில் நாற்பது பேர் பயணம் வேறு போனார்களாம்.

"வெறும் தோலுல சீட்டு ஏதுங்க?" என்றார் அப்பாதுரை.

"அதான் எல்லாரும் நின்னுக்கிட்டே போனாங்க."

மாசிலாமணி நெற்றியைத் தேய்த்த துணியைக் கீழே போட்டுவிட்டு மணி பார்த்தார். மூன்றே முக்கால். நெற்றி அப்படியேதான் இருந்தது. சாமி படத்தின் முன்னால் இருந்த விபூதித் தட்டை எடுத்து வந்து, தண்ணீரில் குழைத்து, மூன்று பட்டையாக அழுத்திப் பூசினார்.

"உரிச்ச விமானத்துக்கும் கடைசியில பெயிண்ட் அடிச்சுத்தானே அனுப்புவீங்க?"

தணிகாசலம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். முதன்முறையாகக் குரல் இறங்கியது. "வேர்த்தா கலைஞ்சிடாதா?"

"வேர்க்காதுண்ணே. அவங்ககிட்ட விமானத்தைப் பத்திப் பேசாம இருங்க, போதும்."