மந்தி கொடுத்த நூல்

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் பேசித் திரிந்தபோது, மனுஷிக்கும் மந்திக்கும் தலைக்குள் வித்தியாசமே கிடையாது. இரண்டு தலைக்குள்ளும் நூல் பின்னியது ஒரே சிலந்திதான். கண்ணிலிருந்து கைக்கு ஒரு நூல், மூக்கிலிருந்து வாய்க்கு ஒரு நூல், காதிலிருந்து நாக்குக்கு ஒரு நீள நூல். பழத்தைக் கண்டால் கை நீளும், பாம்பைக் கண்டால் கால் ஓடும். பேச்சும் எதிரில் இருப்பதைப் பற்றி மட்டும்தான். நேற்றுப் பார்த்தது நேற்றோடு போய்விடும். அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. இன்று போட்ட சண்டை நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆற்றங்கரை அத்திமரத்தின் மேலே மந்தி இருந்தாள். கீழே தும்பை என்ற மனுஷி இருந்தாள். முகம் மட்டும் இருவருக்கும் மறக்காது. தும்பை அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் தும்பையின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. பதறிப்போய்ச் சிலந்தியைக் கூப்பிட்டாள். அது அவள் தலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. உள்ளே தொலைவான ஒரு மூலையில் எப்போதோ பார்த்த ஏதோ ஒன்று கிடக்கிறதாம். குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது துடிக்கிறதாம். என்னவென்று சிலந்திக்குத் தெரியாது, பின்னுவதுதான் அதன் வேலை. அங்கே வரை எட்ட இன்னொரு நீள நூல் வேண்டும். சிலந்தியின் வயிற்றிலோ நூல் தீர்ந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

யாராவது தந்தால் உண்டு. அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தது சிலந்தி. கொடுக்கிறவள் தன் வாயால் எடு என்று சொல்ல வேண்டும், வாங்குகிறவள் தன் வாயால் தா என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் யார் தலையிலும் அது கை வைக்காது. கால் வைக்காது என்று சொல்வதுதான் சரி.

மந்தி மரத்திலிருந்து இறங்கி வந்தாள். காதுக்கும் நாக்குக்கும் நடுவில் இருக்கும் நூல்தான் அவ்வளவு நீளம், அதை உருவினால் பேச்சு போய்விடும் என்று சிலந்தி எச்சரித்தது. முன்பு தும்பை தனக்கு ஏதாவது செய்திருக்கிறாளா என்று கணக்குப் பார்க்க மந்திக்கு நினைவும் கிடையாது. குழந்தையின் வதங்கிய முகத்தை மட்டும் பார்த்தாள்.

"தா அக்கா. புள்ள பொழச்சதும் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள் தும்பை.

"மொதல்ல புள்ளையப் பாருடி" என்று சொல்லிவிட்டு, மந்தி சிலந்தியின் பக்கம் திரும்பி, "எடு" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை.

தும்பையின் காதுக்கும் நாக்குக்கும் நடுவில் இருந்த நூலோடு சேர்த்துப் பின்னிய புது நூல் அந்த மூலையைப் போய் எட்டியதுமே, அவளுக்குப் போன கோடை தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம், நடுங்கிக்கொண்டு கிடந்த மான் ஒன்று ஊதாப் பூச்செடியைத் தின்று எழுந்து நடந்தது. ஓடிப்போய்ப் பறித்து வந்து சாறு பிழிந்து கொடுத்தாள். மறுநாள் குழந்தை ஊரே கேட்க வீறிட்டு அழுதது. தாய் சிரித்தாள்.

சொன்ன சொல் தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். சிலந்தியும் வந்தது. தும்பை எடு என்றாள். மந்தி தா என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் கேட்க வாய் இருக்காது என்பதை அவசரத்தில் யாருமே யோசிக்கவில்லை. அவளுக்காக நான் கேட்கிறேன் என்று தும்பை சிலந்தியிடம் மன்றாடினாள். சிலந்திக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டது.

தும்பை விம்மி அழுதாள். மந்தி அவள் தலைமயிரை விலக்கி, நூல் பத்திரமாக இருக்கிறதா என்பதுபோல் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தைத் தடவினாள். பிறகு மரமேறிப் பழம் தின்னப் போய்விட்டாள்.

குழந்தைக்குப் பேச்சு வந்தபோது, தும்பை மரத்தைக் காட்டி முதலில் சொல்லிக்கொடுத்தது பெரியம்மா என்ற வார்த்தையை.

இன்று படித்தவர்கள் பெரிய இயந்திரங்களை வைத்து மனுஷத் தலைக்குள்ளும் மந்தித் தலைக்குள்ளும் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாதைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஓடுகின்றன, கேட்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் மட்டும் நம்மிடம் கொஞ்சம் தடிமன் என்கிறார்கள். இருக்காதா பின்னே, இரண்டு பேருடைய நூல் அல்லவா. என்றோ கண்டதை இன்று எடுத்துச் சொல்ல நமக்கு வாய்த்ததும், மந்தி வாயடைத்துப் போனதும் அன்று முதல்தான். அவளுக்கு நாம் நன்றி என்று சொன்னால், அந்தச் சொல்கூட அவள் நூல் வழியாகத்தான் நம் நாக்குக்கு வருகிறது.