அடைக்கு வைத்த இரும்பு

வன்னிப் பக்கம் ஒரு மடம். அதன் குரு தவராணி அம்மா. சீடர் அருளம்பலம் அவரைவிட வயதில் மூத்தவர். இருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஊர்தான் தலையைப் பிய்த்துக்கொண்டது.

ஒரு காலை அருளம்பலம் பையும் கையுமாக வந்து நின்றார்.

“நான் போறன் அம்மா.”

“என்ன நடந்தது அண்ணை?”

“தியானத்தில இருக்க ஏலாமக் கிடக்கு. கண்ணை மூடினாச் சின்ன வயசில சண்டைக்குள்ள கேட்ட ஷெல் சத்தம்தான் கேக்குது. அது ஓயாமல் எனக்கு எங்கால அமைதி?”

அம்மா தன் முன்னால் ஒரு பனையோலைக் கடகத்தில் மணலைப் பரப்பி முட்டைகளை அடுக்கியிருந்தார். பக்கத்தில் அடைக்கோழி ஒன்று உலகத்தையே முறைத்துக்கொண்டு நின்றது.

“போறதுக்கு முதல், அடை வைக்கக் கொஞ்சம் கை தாங்கோ. மாரி வருது. இடி இடிச்சா முட்டை கூழாப் போயிடும். அதுக்கு என்ன வைக்கிறது?”

“கரித்துண்டும் இரும்பும்,” என்றார் அருளம்பலம், பையைக் கீழே வைத்து முட்டைகளைச் சரிசெய்தபடி. இது தெரியாத பிள்ளை அந்தப் பக்கம் கிடையாது.

“உங்கட வீட்டில என்ன இரும்பு வச்சவை?”

அவர் கை முட்டைமேல் அப்படியே நின்றது.

“ஷெல் துண்டு.”

“எந்த ஷெல்?”

“அப்பான்ர உயிரைக் கொண்டுபோன ஷெல். வீட்டு முத்தத்தில கிடந்தது. என்ர அம்மா அதைக் கழுவி எடுத்தவா. ‘ஷெல்லும் இடிதானே, இது காக்கட்டும்’ எண்டு கோழிக்குக் கீழ வச்சு, கடகத்தைப் பங்கர்க் குழிக்குள்ள இறக்கினவா.”

“பொரிச்சதோ?”

அருளம்பலத்தின் முகம் மாறிவிட்டது. நரைத்த மனிதர், சின்னப் பையனைப் போலக் கடகத்தையே பார்த்தார்.

“ஒருநாள் சரியான ஷெல்லடி. பங்கர் மண் தலையில கொட்டுது. நான் கத்தி அழுறன். அம்மா கோழிக்குக் கீழ கையை விட்டு, ஒரு முட்டையை எடுத்து என்ர காதில வச்சா. உள்ளுக்க டொக்... டொக்... எண்டு கேட்டுது. நான் அழ மறந்து போனன். பாத்துக்கொண்டு இருக்க ஓடு வெடிச்சு, ஈரமாக் குஞ்சின்ர சொண்டு வெளிய வந்தது. கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது அம்மா. இண்டைக்கும் உடம்பு புல்லரிக்குது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“அதெல்லாம் சரி. இந்தச் சத்தம் நிக்காமல் நான் எப்பிடி அம்மா தியானத்தில இருக்கிறது?”

தவராணி அம்மா கோழியைத் தூக்கி முட்டைகளின் மேல் மெதுவாக இருத்தினார்.

“அந்தக் குஞ்சு எப்ப தட்டினது அண்ணை? ஷெல்லடி நிண்டாப் பிறகோ?”