ஆறடித் தீப்பெட்டி

“வரையறதை விட்டுட்டேம்மா. இனி இங்கேயே இருந்துக்கிறேன்” என்றார் ஓவியர் ஜெபமணி.

மொழியம்மா அவரைவிடப் பதினேழு வயது இளையவர். குழல்வாய்மொழி என்பது முழுப்பெயர். குற்றாலம் போகிற சாலையில் சிறிய ஆசிரமம் வைத்து, வழிப்போக்கர்களுக்கு மதியச் சோறு போட்டுவந்தார். மனம் கலங்கியவர்களும் அவரைத் தேடி வருவதுண்டு.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

ஜெபமணி சொன்னார். கடையில் தொங்குவதைத்தான் ஆயுசு முழுக்க வரைந்திருக்கிறார். சோப்பு உறை, சீயக்காய்ப் பொட்டலம், பட்டாசுக் கட்டு. முதலில் சிரித்தார்கள். ஓவியக் கல்லூரியில் அவருக்கு ‘லேபிள்’ என்றே பெயர். பிறகு மூணு கிளி தீப்பெட்டி ஒன்றை ஆறடி உயரத்துக்கு அவர் வரைந்த படம் பாரிசு வரை போய் வந்தது. அதே ஆட்கள், கடைச்சரக்கையே கலையாக்கும் பாப் ஆர்ட் என்று கொண்டாடினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் படங்கள் மொத்தத்தையும் ஒரே கூடத்தில் மாட்டினார்கள். ஒரு மத்தியானம் அங்கே தனியாக நின்று சுற்றிலும் பார்த்தார். அதற்கப்புறம் தூரிகையைத் தொடவில்லை.

“நாப்பது வருஷம்மா. ஒரு மனுஷ முகம் கிடையாது. எல்லாம் வெறும் பெட்டி.”

மொழியம்மா சாப்பாட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“தாராளமா இருங்க அண்ணாச்சி. அந்தத் தீப்பெட்டிப் படத்தை மட்டும் கொண்டாந்து சாப்பாட்டுக் கூடத்துல மாட்டிருங்க.”

மாட்டினார். பந்தியில் ரசம் ஊற்றும் வேலை அவருக்குக் கிடைத்தது.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், போனார்கள். ஒருவர் படத்தின்மேல் ஈரக் குடையைச் சாய்த்துவைத்தார்.

எட்டாம் நாள் ஜெபமணி பொறுக்கமுடியாமல், யாருமே பார்ப்பதில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

“ரசம் ஆறுது” என்றார் மொழியம்மா.

அன்றைக்கு வந்தவர்களில் ஓர் அம்மாள், அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறவர். கோவில்பட்டிப் பக்கம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு படத்தருகே போய் நின்றுவிட்டார்.

ஜெபமணி பதறிப்போய் வாளியோடு ஓடினார். அந்த அம்மாள் தன் இடது கட்டைவிரலை அவரிடம் நீட்டிக் காட்டினார். அது மடங்கவில்லை.

“இது நான் ஒட்டுன பெட்டிய்யா.”

சின்னவயதில் கதவிடுக்கில் சிக்கிய விரலாம். பதினோரு வருஷம் மூணு கிளி தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியிருக்கிறார். எப்படி ஒட்டினாலும் கிளிகள் ஒருபக்கமாகச் சரியும். அதற்காக மேஸ்திரியிடம் வாங்காத ஏச்சு இல்லை. அந்தக் கம்பெனியில் வேறு யார் கைக்கும் அப்படிச் சரியாது.

என்றைக்கோ ஒரு டீக்கடையில் வாங்கிய பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, இருந்தது இருந்தபடி வரைந்தவர் ஜெபமணி. அந்தச் சரிவைக் கலகம் என்றும் கிண்டல் என்றும் விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நாளடைவில் அவரும் நம்பிவிட்டார்.

“எம்மாம் பெருசு” என்று அந்த அம்மாள் சிரித்தார். “மேஸ்திரி பாத்திருக்கணும்.”

மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

ஜெபமணி வாளியோடு அடுக்களைக்குப் போனார். அதைக் கீழே வைக்காமலே நடந்ததைச் சொன்னார்.

மொழியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அவங்க பேரு என்ன?”

ஜெபமணி வாளியை அப்படியே வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார்.