அசையாத சேறு

சேறு அசையவில்லை. கஸ்பார் மூன்று வருஷம் மாரடித்துக் கண்டுபிடித்தது இதைத்தான்.

ஆள் உயரத் தொட்டி. உள்ளே சுண்ணாம்புச் சேறு. அடியில் ஓர் ஓரத்துத் துளை வழியாகக் காற்று குமிழி குமிழியாக ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. அதனால்தான் எக்ஸ்ரே. சேற்றில் கலந்த பொடி உலோக மணிகள் மட்டும் படத்தில் கறுப்பாகத் தெரியும். அடுத்தடுத்த படங்களில் அவை எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். வந்தது. சராசரி பூஜ்யம்.

ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும். தவறினால் இன்னொரு வருஷம், அதுவும் உதவித்தொகை இல்லாமல். பேராசிரியர் நவநீதத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"குமிழி ஏறுதா?"

"ஏறுது மேடம்."

"சேறு?"

"நிக்குது."

"இவ்வளவு காத்து அடிச்சும் நிக்குதுன்னா, அது உன்னைவிடச் சோம்பேறி."

கஸ்பார் சிரிக்கவில்லை. "எக்ஸ்ரே பொய் சொல்லுமா மேடம்?"

அவர் எழுந்து எக்ஸ்ரே அறைக்குள் போனார். இவன் பின்னாலேயே ஓடினான்.

"காத்துத் துளை ஏன் எந்திரத்தைப் பாத்து இருக்கு?"

"ரப்பர் குழாய் அந்தப் பக்கம்தான் எட்டுச்சு."

"காத்தடிக்கிற பம்பை நகத்தியிருக்கலாமே."

"கனமா இருந்துச்சு."

நவநீதம் முந்தானையைச் செருகிக்கொண்டு பம்பைத் தள்ள ஆரம்பித்தார். வெட்கத்தில் இவனும் தள்ளினான். தொட்டியைக் கால் வட்டம் திருப்பினார்கள். வெளியே வந்து, கனத்த கதவைச் சாத்தி, எக்ஸ்ரேயைப் போட்டார்கள்.

திரையில் இடப்பக்க மணிகள் விறுவிறுவென்று ஏறின. வலப்பக்க மணிகள் அதே வேகத்தில் இறங்கின.

கஸ்பாருக்கு இப்போதுதான் புரிந்தது. முன்னால் ஏறியதும் பின்னால் இறங்கியதும் இத்தனை நாள் ஒரே நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இவன் எல்லாவற்றையும் கூட்டி வகுத்திருக்கிறான்.

"அப்போ அந்தப் பூஜ்யம்?"

"அது சேத்தோடது இல்லை. உன்னோடது."

மணி மூன்றரை ஆகியிருந்தது.

"படம் பொய்யில்லையே மேடம். அத்தியாயத்தையே தூக்கிப் போடணுமா? இன்னைக்கு நான் என்னதான் எழுத?"

நவநீதம் உள்ளங்கைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"எங்கே நின்னு பாத்தேன்னு எழுது."